டேப்பட் வைத்தும் போகாத சத்தம்

"புல்லட்னா சத்தம் இருக்கத்தான் செய்யும்." புல்லட் வைத்திருக்கும் யாரும் இதைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. மெக்கானிக் சொல்வார், டீக்கடையில் நிற்பவர் சொல்வார், சிக்னலில் பக்கத்தில் வந்து நிற்கும் இன்னொரு புல்லட்காரரும் சொல்வார். சொல்பவர்கள் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனாலும் அந்த வாக்கியம் ஒரு வேலையைச் செய்துவிடுகிறது: அதற்கு மேல் கேள்வி கேட்க விடாமல் வாயை அடைத்துவிடுகிறது. எந்தச் சத்தம், எங்கிருந்து வருகிறது, போன வருஷம் இருந்ததா, சூடானால் குறைகிறதா கூடுகிறதா என்று எதையும் விசாரிக்காமல், எல்லாச் சத்தத்தையும் ஒரே மூட்டையில் கட்டி "இது இப்படித்தான்" என்று ஓரம் வைத்துவிடலாம். எனக்கு அந்த வாக்கியம் நீண்ட நாள் உறுத்திக்கொண்டே இருந்தது. என் வண்டியில் கேட்ட சத்தம் அந்த மூட்டையைச் சேர்ந்ததில்லை என்று எனக்குத் தோன்றியதுதான் காரணம்.

வண்டி, சித்தப்பா ஓட்டியது. 1991 மாடல் 350. டாங்கில் இன்னும் 'என்ஃபீல்டு' என்று மட்டும்தான் இருக்கும். வலது காலில் கியர், இடது காலில் பிரேக், பாயின்ட் இக்னிஷன், இரும்பு பேரல் (சிலிண்டர்). 1949-இல் இங்கிலாந்தின் ரெட்டிச்சில் வந்த அதே 70-க்கு 90 மில்லிமீட்டர் (சிலிண்டரின் விட்டம், பிஸ்டனின் ஓட்டம்) அளவுதான், 346 சிசி. 1956-இல் நம் திருவொற்றியூரில் இதைச் சேர்த்துக் கட்ட ஆரம்பித்தார்கள். 2000-களின் கடைசியில் புது யூனிட் எஞ்சின் வரும்வரை, சின்னச் சின்ன மாற்றங்களோடு இந்த அமைப்பு ஓடியது. அதனாலேயே இதைப் பற்றி எல்லாருக்கும் எல்லாம் தெரியும் என்றொரு நினைப்பு நம்மிடம் உண்டு. சித்தப்பா கையில் இருந்தவரை தினமும் ஓடிய வண்டி இது. என்னிடம் வந்தபிறகும் நான் நிறுத்தி வைக்கவில்லை.

மாற்றம் மெதுவாக வந்தது. வலது பக்கம் 'டிக் டிக்' என்று ஒரு கூர்மையான தட்டல். ஐடிலில் எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு. கூடவே வண்டி சோர்ந்துகொண்டே போனது. அறுபது வரை மறுக்காமல் போகும். அதற்கு மேல் திருகினால் சத்தம்தான் கூடும், வேகம் கூடாது. ஜிஎஸ்டி சாலையில் ஒரு மேம்பாலம் ஏறும்போது மூன்றாவது கியருக்கு இறங்க வேண்டியிருந்தது. முன்பெல்லாம் நாலாவதிலேயே ஏறிவிடும். எஞ்சினும் வழக்கத்தைவிடச் சூடாக இருந்தது. கார்புரேட்டரைத் திறந்து சுத்தம் செய்தேன், ஜெட் பார்த்தேன், பாயின்ட் இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்துச் சரிசெய்தேன், டைமிங் பார்த்தேன். எதற்கும் அது அசைந்து கொடுக்கவில்லை.

இந்த எஞ்சினின் சத்தங்களைக் கொஞ்சம் பிரித்துக் கேட்கப் பழகலாம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் பேரலில் ஒரு தட்டல் வந்து, சூடேறியதும் மறைந்தால், அது பிஸ்டன் ஆட்டம். சுமையேற்றும்போது அடியிலிருந்து கனமாக இடித்தால் அது பிக் எண்ட், அதாவது கனெக்டிங் ராடு கிரேங்க்கோடு சேரும் மூட்டு. உடனே நிறுத்த வேண்டிய சத்தம். வலது பக்கக் கவருக்குள் ஒரு சலசலப்பு வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கினால் டைமிங் கியர். மேலே சொன்ன கூர்மையான 'டிக்' வால்வு வேலை செய்யும் வரிசையில் எங்கோ இருப்பது. கிரேங்க் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் கேட்கும், ஏனென்றால் வால்வைத் தூக்கும் மேடுள்ள கேம் சுற்றுவது கிரேங்க்கின் பாதி வேகத்தில். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சினில் ஊன்றிப் பிடியைக் காதில் வைத்துக் கேட்டால் எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும். கேமின் அசைவை மேலே கொண்டுபோகும் கம்பிதான் புஷ்ராட்; எனக்கு முன்பக்கத்துப் புஷ்ராடுக்கு நேர் கீழே பலமாகக் கேட்டது. அது எக்ஸாஸ்ட், புகை வெளியேறும் வால்வின் பக்கம்.

டேப்பட் வைப்பது எதைச் சரிசெய்கிறது

கேமின் மேல் உட்கார்ந்து புஷ்ராடைத் தூக்கும் துண்டுதான் டேப்பட். 'டிக்' என்றதும் எல்லாரும் சொல்வது டேப்பட் வைக்க, அதாவது அங்கே இருக்கும் இடைவெளியைச் சரிசெய்யச் சொல்லித்தான். வைத்தார்கள். ஒருவர் வைத்தார், சத்தம் குறைந்தது, கொஞ்ச நாளில் திரும்பியது. இன்னொருவர் இன்னும் இறுக்கமாக வைத்தார், சத்தம் நன்றாகக் குறைந்தது, வண்டி இன்னும் சோர்ந்தது. அந்த இரண்டாவது வைத்தியம்தான் என்னை யோசிக்கச் செய்தது.

இந்த வண்டியில் டேப்பட் வைப்பது எளிது. பேரலின் வலப்பக்கம் ஒரு சிறு மூடி, ஒரே நட்டு. திறந்தால் இரண்டு புஷ்ராடுகளின் அடிப்பகுதியும் தெரியும். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில் இருக்க வேண்டும். அந்த நிலையில் புஷ்ராட் விரலால் தாராளமாகச் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. அவ்வளவுதான் விதி. இதில் நாம் சரிசெய்வது, வால்வு மூடியிருக்கும் நேரத்தில் இருக்கும் இடைவெளியை மட்டும். கேமின் வட்டமான முதுகுப் பக்கம் டேப்பட்டின் கீழே இருக்கும் நேரம் அது. வால்வு எவ்வளவு உயரம் திறக்கும் என்பதை முடிவு செய்வது கேமின் மூக்கு. முதுகிலிருந்து மூக்கு எவ்வளவு எழும்பி நிற்கிறதோ அந்த அளவு. மூக்கு தேய்ந்துவிட்டால், கீழே அட்ஜஸ்டரை எவ்வளவு திருகினாலும் அந்த உயரம் திரும்பி வராது. இடைவெளி இல்லாமல் இறுக்கினால் சத்தம் அடங்கும், உண்மைதான். ஆனால் வால்வு முழுதாக மூடாமல் நிற்கும். எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை வெளியேற்றுவதே சீட்டில் (வால்வு மூடும் வளையத்தில்) உட்காரும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான். உட்கார விடாமல் செய்தால் அதன் விளிம்பு எரிந்துபோகும். அதாவது நாம் காசு கொடுத்துச் சத்தத்தை அடக்கி, வால்வை எரித்துக்கொண்டிருக்கிறோம்.

சரியாக வைத்த பிறகும் ஏன் சத்தம் வருகிறது என்பதற்கும் கேமில்தான் விடை இருக்கிறது. கேமின் வடிவம் வால்வை மெல்ல எடுத்து மெல்ல இறக்கும்படி சரிவு வைத்துக் கடையப்பட்டது. அந்தச் சரிவு தேய்ந்து மேடுபள்ளமானால், வால்வு எடுக்கும்போது இடியும், மூடும்போது விழும். அந்த இடிதான் 'டிக்'. இடைவெளி துல்லியமாக இருந்தாலும் அது கேட்டுக்கொண்டே இருக்கும்.

இதையெல்லாம் ஒரு மாதிரி புரிந்துகொண்டு, எங்கள் தெருவில் ரொம்ப வருஷமாகப் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணனிடம் போய், "கேம் தேய்ஞ்சிருக்குமோண்ணே?" என்று கேட்டேன். அவர் மறுக்கவில்லை. "இருக்கலாம் தம்பி. ஆனா அதைப் பிரிச்சுப் பாத்தாத்தான் தெரியும். பிரிச்சுப் போட்டா சாமான் வர்ற வரைக்கும் வண்டி இங்கயே கெடக்கும். ஒரு வண்டி எடத்த அடைச்சுக்கிட்டா நாலு வண்டிய திருப்பி அனுப்பணும், கடை வாடகை யாரு குடுப்பா? பிரிச்சுட்டு கேம் நல்லா இருக்குன்னா நீங்களே என்னைத் திட்டுவீங்க" என்றார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தவறில்லை. பட்டறையில் விற்கப்படுவது அவருடைய நேரம். இந்தப் பழுதைக் கண்டுபிடிக்கத் தேவைப்படுவது, யாரும் விலை வைக்க முடியாத அளவுக்கு நிதானமான நேரம். அது என்னிடம்தான் இருந்தது. பிரிக்காமலே கேமைத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

டயல் கேஜ் சொன்னது

வழி இருந்தது, அதுவும் மிக எளிய வழி. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் வேலை பார்க்கும் நண்பன் ஒருவன் இருக்கிறான். அவனிடம் காந்த ஸ்டாண்டோடு ஒரு டயல் கேஜ் உண்டு. கடைந்த தண்டு நேராக ஓடுகிறதா என்று பார்க்கும் கருவி. நூறில் ஒரு மில்லிமீட்டர் அசைவையும் முள் காட்டிவிடும். அவனிடமும் ஒரு பழைய 350 இருக்கிறது, என் வண்டியைப் போலவே இரும்பு பேரல், ஆனால் நன்றாக ஓடும் எஞ்சின். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி அளந்துவிடலாம் என்பது அவன் யோசனை. எனக்குத் தோன்றாதது அது. எந்த அளவுக்கு இருக்க வேண்டும் என்று புத்தகத்தில் தேடிக்கொண்டிருப்பதைவிட, நன்றாக ஓடும் இன்னொரு எஞ்சினையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டுப் போர்ட்டிகோவில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் செய்தோம். புஷ்ராடின் தள்ளலை வால்வுக்குத் திருப்பிவிடும் கைதான் ராக்கர். காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் இன்லெட்டுக்கு ஒன்று, எக்ஸாஸ்டுக்கு ஒன்று என்று ராக்கர் பெட்டிகளின் மூடி தனித்தனி. கழற்றினால் வால்வு ஸ்ப்ரிங்கின் தொப்பி கண்ணுக்குத் தெரியும். ஸ்டாண்டின் காந்தம் அலுமினிய ஹெட்டில் ஒட்டாது. பேரலின் இரும்பு விசிறிகளில் ஒரு தகடு வைத்து நிறுத்தினான். கேஜின் முனையைத் தொப்பியின் மேல், வால்வு போகும் அதே திசையில் வைக்க வேண்டும். சாய்ந்தால் அளவு பொய் சொல்லும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, நாலாவது கியர் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினேன். கிக்கரால் செய்தால் ஆட்டம் அதிகம். சக்கரத்தால் செய்தால் மயிரிழை மயிரிழையாக நகர்த்தலாம்.

முதலில் அவன் வண்டி. இன்லெட் பார்த்தோம், எக்ஸாஸ்ட் பார்த்தோம், ஒரு தாளில் எழுதினான். பிறகு என் வண்டி. இன்லெட் அவனுடையதோடு கிட்டத்தட்ட ஒத்துப்போனது. ஏதோ முடி அளவு குறைவு, அதை வருஷக் கணக்கில் தள்ளிவிடலாம். எக்ஸாஸ்டில் முள் ஏறிக்கொண்டே வந்து, அவன் வண்டியில் இன்னும் ஏறிக்கொண்டிருந்த இடத்துக்கு ரொம்ப முன்னாலேயே நின்று, திரும்பி இறங்க ஆரம்பித்தது. ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் குறைவு. கேஜை எடுத்துத் திரும்பப் பொருத்தி மறுபடி சுற்றினோம். அதே இடத்தில்தான் நின்றது. புஷ்ராட் வளைந்திருக்குமோ, ராக்கர் தேய்ந்திருக்குமோ என்று அவன் ஒவ்வொன்றாகப் பார்த்தான். டேப்பட் மூடியைத் திறந்து, புஷ்ராடின் அடியிலேயே நேராக அளந்தான். அங்கேயும் அந்தக் குறை அப்படியே இருந்தது. மேலே எதுவும் காரணமில்லை. கீழே, கவருக்குப் பின்னால், கேமில்தான்.

அந்த நிமிஷம் எனக்குள் ஏற்பட்ட மாற்றத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அதுவரை நான் பேசிக்கொண்டிருந்தது எல்லாம் காதை வைத்து. காது சொல்வதை யாரும் மறுக்கலாம். "உங்களுக்கு அப்படிக் கேக்குது சார்" என்று சொல்லிவிடலாம். இப்போது ஒரு தாளில் நாலு எண்கள் இருந்தன. இனி விவாதமே கிடையாது. சோர்வுக்கும் சூட்டுக்கும் காரணம் இதுவே என்பதும் தெளிவானது. கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்து கூட்டம் வெளியே வரும்போது ஒற்றைக் கதவை மட்டும் திறந்து வைத்த மாதிரி, எரிந்த புகை முழுக்க வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிக்கொண்டிருந்தது. மெதுவாகப் போனால் அது தெரியாது, புகைக்கு நேரம் இருக்கிறது. வேகமெடுத்தால்தான் முட்டும். அறுபதில் வண்டி நின்றுபோனது அதனால்தான்.

எக்ஸாஸ்ட் கேம் முதலில் தேய்வதிலும் நியாயம் இருக்கிறது. இன்லெட் வால்வு திறக்கும் நேரத்தில் சிலிண்டருக்குள் பெரிய அழுத்தம் இல்லை. எக்ஸாஸ்ட் வால்வோ, வெடித்த வாயுவின் அழுத்தம் மிச்சமிருக்கும்போதே அதை எதிர்த்துத் திறக்க வேண்டும். அந்தப் பாரம் முழுக்க ராக்கர், புஷ்ராட் வழியாக இறங்கிக் கேமின் தோள்மேல் விழுகிறது. கேமின் கடினமான மேல்தோல் ஓர் இடத்தில் தேய்ந்து திறந்துவிட்டால், உள்ளே இருப்பது மெத்தென்ற இரும்பு. அதற்குப் பிறகு தேய்மானம் வேகமெடுக்கும். பல வருஷம் ஒன்றும் தெரியாமல் இருந்து, திடீரென்று சில மாதங்களில் வண்டி சோர்ந்துபோவது இப்படித்தான்.

கவருக்குப் பின்னால்

ஸ்ப்லெண்டர் மாதிரி வண்டிகளில் கேம் மேலே ஹெட்டில் உட்கார்ந்திருக்கும், செயின் இழுக்கும். இதில் கேம்கள் கீழே, வலது பக்கம், கிரேங்க்கின் பக்கத்திலேயே. ஒவ்வொரு கேமும் தன் பல்சக்கரத்தோடு ஒரே துண்டு. கிரேங்க்கேஸில் அடித்துப் பொருத்திய ஸ்பிண்டிலின் மேல் சுற்றும். எஞ்சினைச் சட்டத்திலிருந்து இறக்க வேண்டியதில்லை. சைலன்ஸர் பைப்பையும் ஃபுட்ரெஸ்டையும் எடுத்துவிட்டு, ஆயிலை வடித்துவிட்டு, கவரின் ஸ்க்ரூக்களைக் கழற்றினால் போதும். ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரே நீளம் கிடையாது. ஒரு அட்டையில் கவரின் படம் வரைந்து, எந்த ஓட்டையிலிருந்து வந்ததோ அந்த இடத்தில் குத்தி வைத்தேன். பழைய புல்லட்டில் எல்லா நட்டும் மில்லிமீட்டர் அளவில் இருக்காது, பழைய இங்கிலீஷ் அளவுகளும் கலந்திருக்கும். மில்லிமீட்டர் ஸ்பேனரை "பரவாயில்லை, பிடிக்கிறது" என்று போட்டுத் திருகினால் நட்டின் மூலை மழுங்கிவிடும். சரியான ஸ்பேனர் கிடைக்கும்வரை காத்திருப்பதுதான் நல்லது.

கழற்றுவதற்கு முன்னால் பிஸ்டனைக் கம்ப்ரஷன் உச்சிக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டு வால்வும் மூடிய நிலையில், கேம்களின் மேல் ஸ்ப்ரிங்கின் பாரம் இருக்காது. அந்த நிலையில் பல்சக்கரங்களின் மேலிருக்கும் குறிகள் ஒன்றையொன்று பார்க்கின்றனவா என்று முதலில் தேட வேண்டும். துடைத்தால்தான் தெரியும். பனியன் வேஸ்ட்டை மண்ணெண்ணெயில் நனைத்துத் துடைத்துவிட்டு நிறைய படம் எடுத்துக்கொண்டேன். கிரேங்க்கின் மேலிருக்கும் சிறு பல்சக்கரமான பினியனைக் கழற்ற வேண்டிய நிலை வந்தால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: கிரேங்க்கின் நுனியில் ஆயில் பம்பைச் சுற்றும் வார்ம் (திருகு மாதிரியான பல்), அதுவே நட்டாகவும் இருக்கிறது, அதற்கு ரிவர்ஸ் மரை. வழக்கம் போல இடப்பக்கம் திருப்பிக் கழற்றப் பார்த்தால் இன்னும் இறுகும், மரை போய்விடும்.

எக்ஸாஸ்ட் கேமை உருவிக் கையில் எடுத்தபோது கண்ணுக்கே தெரிந்தது. மூக்கின் நுனி தட்டையாகி, ஒரு பக்கம் விளிம்பு கத்திபோல் கூராகியிருந்தது. மேலே பளபளப்பான தோல் கிழிந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் கோடுகோடாக இருந்தது. மெக்கானிக் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி, இவ்ளோ இரும்பு எங்க போச்சு?" என்றார். நான் அதுவரை யோசிக்காத கேள்வி. ஆயில் ஃபில்டரை எடுத்துத் தட்டில் பிழிந்தோம். மினுமினுப்பான சாம்பல் பசை வந்தது. இந்த எஞ்சினில் பிக் எண்டில் இருப்பது உருளை பேரிங் கிடையாது, மிதக்கும் புஷ். அது உயிரோடு இருப்பது ஆயிலின் தயவில். அந்த ஆயிலில் இரும்புத்தூள் கலந்திருந்தால் அடுத்துப் போவது அதுதான். கேம் தேய்ந்தால் வண்டி சோர்ந்துதான் போகும், அவசரம் இல்லை என்று நினைப்பவர்களுக்கு அந்தத் தட்டைக் காட்ட வேண்டும். உள்ளே இருந்த ஆயில் வழிகளையெல்லாம் கழுவி எடுக்க எனக்கு ஆன நேரம், கேம் மாற்ற ஆனதைவிட அதிகம்.

சாமான் வாங்கச் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போனேன். புதுப்பேட்டையில் கழற்றிய எஞ்சினிலிருந்து எடுத்த கேம்கள் மலிவாகக் கிடைக்கும். இந்த ஒரு சாமானைப் பழையதாக வாங்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். ஒரு கேம் எந்த டேப்பட்டோடு ஓடியதோ அந்த டேப்பட்டுக்கு ஏற்றபடி தேய்ந்திருக்கும். அதைக் கொண்டுவந்து வேறு எஞ்சினில் வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்னும். புதுக் கேமையும் அப்படியே நம்பிவிடவில்லை. நண்பன் புது அரம் ஒன்றை எடுத்து, டேப்பட் படாத ஓரத்தில் மெல்ல இழுத்துப் பார்த்தான். கடினமாக்கிய இரும்பில் அரம் வழுக்கிக்கொண்டு போகும், கடிக்காது. வழுக்கியது. மைக்ரோமீட்டரில் முதுகு முதல் மூக்கு வரை அளந்து பழையதன் அளவோடு சேர்த்து எழுதிக்கொண்டோம். வித்தியாசம், வால்வில் பார்த்த குறையோடு பொருந்தியது.

புதுக் கேமுக்குப் புது டேப்பட். இதில் சமரசம் இல்லை. பழைய டேப்பட்டின் பாதம் குழிந்திருந்தால், புதுக் கேமின் தோலை அது சீக்கிரமே கிழித்துவிடும். இதுதான் வேலையைப் பெரிதாக்கியது. டேப்பட்டின் பாதம், அது ஏறி இறங்கும் குழாயான கைடின் துளையைவிட அகலம். கைடுகளோ கிரேங்க்கேஸில் இறுக்கமாக உட்கார்ந்திருந்தன. நான் ஹெட்டையும் பேரலையும் இறக்கித்தான் செய்தேன். கைடைச் சுற்றி ஹாட் ஏர் கன்னால் சூடேற்றி, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் 'சுர்' என்று போகும் பதம் வந்த பிறகு தட்டினால் அலுமினியம் விட்டுக்கொடுக்கும். ஆறிய நிலையில் அடித்தால் கேஸ் விரிசல் விடும். அந்த வேலைக்கு மட்டும் மெக்கானிக் அண்ணன் கூட நின்றார், கூலி பேசாமலே. ஹெட் இறங்கியதால் எக்ஸாஸ்ட் வால்வையும் பார்க்க முடிந்தது. சீட்டில் கறுப்புப் புள்ளிகள் விழுந்திருந்தன, வால்வின் விளிம்பு இன்னும் எரியவில்லை. கிரைண்டிங் பேஸ்ட் போட்டுத் தேய்த்ததில் முழு வட்டமும் சாம்பல் நிறக் கோடாக வந்தது.

கார்க் வாஷர்

திரும்பப் பூட்டும்போது பலரும் குறிகளைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள். ஒரு பல் தள்ளிப்போனாலும் வால்வு தப்பான நேரத்தில் திறக்கும் என்பது உண்மை. ஆனால் குறிகள் கண்ணுக்குத் தெரிகின்றன. பூட்டிய பிறகு சக்கரத்தைச் சுற்றி டயல் கேஜில் வால்வு எப்போது எழுகிறது என்று சரிபார்க்கவும் முடியும். கொஞ்சம் படுத்தியது டேப்பட்தான். கேம் இல்லாதபோது அது கீழே தொங்கிக்கொண்டு புதுக் கேமை உள்ளே விடாது. டேப்பட் மூடி வழியாக வளைத்த கம்பியால் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கேமைத் தள்ள வேண்டும். இரண்டு பேர் இருந்தால் எளிது. கேமின் மூக்கிலும் டேப்பட்டின் பாதத்திலும் மாலி பேஸ்ட்டை (தேய்மானம் தடுக்கும் மசகு) தாராளமாகப் பூசினேன்.

உண்மையில் பயப்பட வேண்டியது கவரின் உள்பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன கார்க் வாஷருக்கு. பம்ப் அனுப்பும் ஆயில் கவரிலிருந்து கிரேங்க்கின் நுனிக்குள் போகும் இடத்தில் அது உட்கார்ந்திருக்கிறது. பிக் எண்டுக்குப் போகும் ஆயில் முழுக்க அதன் வழியாகத்தான். அது சரியாக அமுங்காவிட்டால் ஆயில் ஓரத்தில் கசிந்து டைமிங் பெட்டிக்குள்ளேயே விழும், அங்கிருந்து ரிட்டர்ன் பம்ப் அதை ஆயில் டாங்குக்குத் திருப்பிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்கு. டாங்கின் மூடியைத் திறந்தால் ஆயில் திரும்பி வருவது தெரியும், ராக்கரிலும் ஆயில் இருக்கும். பிக் எண்ட் மட்டும் பட்டினி கிடக்கும். கேம் மாற்றிய கொஞ்ச நாளில் பிக் எண்ட் போய்விட்டது என்று கேள்விப்படும் கதைகளில் சிலவற்றுக்கு இந்த வாஷர்தான் காரணமாக இருக்கும் என்று நான் நம்புகிறேன். பழைய வாஷரைத் திரும்பப் போடவே கூடாது. புதியதை ஆயிலில் ஊறவைத்துப் பொருத்தி, கவரை கேஸ்கெட்டோடு கையால் மட்டும் அழுத்திப் பார்த்தேன். முழுதாக ஒட்டாமல், சீராக ஒரு மெல்லிய இடைவெளி விட்டு எதிர்த்து நின்றது. ஸ்க்ரூக்களை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கியபோது அந்த எதிர்ப்பு அமுங்கியதைக் கையில் உணர முடிந்தது.

புதுக் கேமுக்கு முதல் இருபது நிமிஷம்தான் சோதனை. தட்டையான டேப்பட்டுக்கும் கேமுக்கும் நடுவில் ஆயில் படலம் உருவாக வேகம் வேண்டும்; ஐடிலில் அந்தப் படலம் மெலிவு, மூக்கின்மேல் ஸ்ப்ரிங்கின் பாரமோ முழுசு. அதனால் ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விட்டு ரசித்துக்கொண்டு நிற்கக் கூடாது. காற்றில் ஆறும் எஞ்சினை நின்ற இடத்திலேயே முறுக்கவும் கூடாது. ஆகவே எல்லாவற்றையும் முன்கூட்டியே முடித்தேன். பிளக் இல்லாமல் நிறைய கிக் அடித்து, ராக்கர் ஆயில் பைப்பின் போல்ட்டைத் தளர்த்தி ஆயில் வருகிறதா என்று பார்த்தேன். பாயின்ட் டைமிங்கை மறுபடி வைத்தேன், ஏனென்றால் அதையும் இதே கியர் வரிசைதான் சுற்றுகிறது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டுதான் கடைசி கிக். பிடித்தது. ஆயில் டாங்கில் ரிட்டர்ன் வருவதை நண்பன் டார்ச் அடித்துப் பார்த்துக் கையைத் தூக்கியதும், நேராகச் சாலைக்கு ஏறிவிட்டேன். ஒரே வேகத்தில் போகாமல் ஏற்றி இறக்கி ஓட்டினேன்.

மேம்பாலத்தில் நாலாவது கியரிலேயே ஏறியது. அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வீட்டுக்கு வந்து, ஆறவைத்து, மறுநாள் வைத்த டயல் கேஜ். எக்ஸாஸ்ட், நண்பன் வண்டியின் அளவைத் தொட்டு நின்றது. 'டிக்' போய்விட்டது. பேரலில் காலையில் கேட்கும் தட்டல் இருக்கிறது; பேரல் இறக்கியபோது பிஸ்டனையும் பேரலையும் அளந்தோம், இடைவெளி கொஞ்சம் அதிகம், இப்போதைக்கு ஓட்டலாம்.

ஐந்நூறு கிலோமீட்டரில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றினேன். தட்டில் பிழிந்தபோது லேசான மினுமினுப்பு இருந்தது, புதுச் சாமான்கள் ஒன்றோடொன்று பழகும்போது வரும் அளவு. அடுத்த ஃபில்டரில் அதுவும் இல்லை. புஷ்ராட் ஒரு முறை சற்றுத் தளர்ந்தது, வைத்தேன், அதன்பிறகு அசையவில்லை. மெக்கானிக் அண்ணன் போன வாரம் கூப்பிட்டு, தன் பட்டறைக்கு வரும் ஒரு 500 சிசி புல்லட்டில் எக்ஸாஸ்ட் பக்கம் சத்தம் கேட்கிறது, அந்த முள் வைத்த கருவியை ஒரு நாள் கொண்டுவர முடியுமா என்று கேட்டார். ஒப்பிட்டுப் பார்க்க நன்றாக ஓடும் 500 ஒன்று வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன், தேடிக்கொண்டிருக்கிறோம்.